மாதம் நூறு ரூபாய்

2021 மார்ச் 31 மாலை, மத்திய நிதி அமைச்சகம் ஓர் உத்தரவு வெளியிட்டது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு வட்டி 4 சதவீதத்திலிருந்து 3.5 ஆனது. பொது வருங்கால வைப்பு நிதி எனப்படும் பி.பி.எஃப். 7.1-லிருந்து 6.4-க்கு இறங்கியது. மாதாமாதம் கட்டும் ஆர்.டி. கணக்குக்கு 5.8-க்குப் பதில் 5.3. நாடு முழுவதும் கோடிக்கணக்கான பாஸ்புக்குகளைத் தொடும் அந்த உத்தரவு மறுநாள் காலை வரைதான் உயிரோடு இருந்தது. கவனக்குறைவால் வெளியான உத்தரவு திரும்பப் பெறப்படும், பழைய வட்டியே தொடரும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஏப்ரல் 1 காலையில் ட்விட்டரில் அறிவித்தார். அன்று மேற்கு வங்கத்தில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் இருந்தது.

அந்த ஓர் இரவில் நடந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. சிறுசேமிப்பின் வட்டி இந்தியாவில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அரசு எடுக்கும் முடிவாகவே இருந்துவருகிறது. கடன் சந்தையின் நிலவரம் அதில் ஒரு பங்கு. போர், தேர்தல், மாநிலங்களின் கடன் தேவை, வரிச் சட்டம் ஆகியவை மீதிப் பங்கு. மாதம் நூறோ ஐந்நூறோ கட்டுகிறவர் பார்ப்பது பாஸ்புக்கில் அச்சான ஒரு சதவீதத்தை மட்டும். அவர் கைக்கு உண்மையில் என்ன வரும் என்பது மூன்று இடங்களில் தீர்மானமாகிறது: வட்டியை அறிவிக்கும் உத்தரவில், கணக்குத் தொடங்கிய தேதியில், வட்டிக்கு வரி போடும் சட்டப் பிரிவில். இந்த மூன்றும் ஒரே திசையில் நகர்ந்த காலம் குறைவு. ஒன்று கொடுத்தபோது இன்னொன்று எடுத்திருக்கிறது.

கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. 1833-க்கும் 1835-க்கும் இடையில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் அரசுச் சேமிப்பு வங்கிகள் வந்தன. அவை நகரத்து ஆட்களுக்கானவை. 1870-இல் மாவட்டச் சேமிப்பு வங்கிகள் வந்தும் அவற்றின் கை கிராமம்வரை நீளவில்லை. அதற்குள் பிரிட்டனில் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் 1861-இல் தபால் நிலையங்களையே சேமிப்பு வங்கிகளாக்கி, ஒரு ஷில்லிங்கோடு வருகிற தொழிலாளிக்கும் கணக்குத் திறக்க வழி செய்திருந்தார். அங்கே வட்டி 2.5 சதவீதம். நூறாண்டுக்கும் மேலாக அந்தச் சாதாரணக் கணக்கின் வட்டி அசையவே இல்லை.

இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882 ஏப்ரல் 1-இல் வேலையைத் தொடங்கியது. தொடக்க வட்டி 3.75 சதவீதம், பிரிட்டனைவிட ஒன்றேகால் சதவீதம் அதிகம். ஊரில் வட்டிக்குக் கொடுப்பவரோடு ஒப்பிட்டால் இது சொற்பம்தான். ஆனால் வட்டிக்கடைக்காரர் ஊரைவிட்டுப் போகலாம், சர்க்கார் போகாது என்பதுதான் தபால் ஆபீஸின் ஒரே விளம்பரம். மாவட்ட வங்கிகள் விரைவில் அதில் கரைந்தன. 1896-இல் மாகாணத் தலைநகர வங்கிகளும் சேர்ந்துகொள்ள, சாதாரண மனிதரின் சேமிப்புக்கு ஒரே அரசு முகவரி தபால் நிலையம் என்றானது.

அந்த நம்பிக்கைக்கு முதல் பெரிய சோதனை 1914-இல் வந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் மக்கள் பாஸ்புக்கோடு தபால் நிலையங்களில் குவிந்தார்கள். செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டுப் போனபோது, சர்க்காரே போகக்கூடும் என்ற பயம் இங்கே நேரடி அனுபவமானது. 1914 மார்ச்சில் நாடு முழுவதும் சுமார் 23 கோடி ரூபாயாக இருந்த அஞ்சலகச் சேமிப்பு ஓராண்டில் 15 கோடிக்கும் கீழே இறங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் அரசு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அப்படிக் கொடுத்ததால்தான் பணம் திரும்பி வந்தது. 1917-இல் போர்ச்செலவுக்காக ஐந்தாண்டு ரொக்கச் சான்றிதழ்களை அதே கவுண்ட்டரில் விற்கவும் முடிந்தது. சிறுசேமிப்பு அரசுக்கான கடன் என்பது அன்றைக்கே வெளிப்படையாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பாதுகாப்புச் சேமிப்புப் பத்திரங்கள் அதே வழியில் வந்தன.

தனியார் பக்கம் கதை வேறு மாதிரி. 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் கவிழ்ந்தது. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோயில்கள் என்று பலருடைய முதலும் அதில் போயிற்று. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் முயன்று 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியும், 1960-இல் பாலா சென்ட்ரல் வங்கியும் முறிந்தன. பிந்தையதன் விளைவாக 1962-இல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது; முதல் வரம்பு ஒரு நபருக்கு 1,500 ரூபாய். இன்று அது 5 லட்சம். வட்டி சற்றுக் குறைந்தாலும் தபால் ஆபீஸையே நாடும் பழக்கம் தென்னிந்தியக் குடும்பங்களில் ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்த ஆண்டுகளைப் பார்த்தால் போதும்.

தபால் நிலையத்துக்கு ஒரு குறை இருந்தது. வருகிறவர் பணத்தைத்தான் அது வாங்கியது. யார் வீட்டுக்கும் போகவில்லை. சிறுகச் சிறுகத் தவணையாகக் கட்டும் பழக்கத்தை நம் பக்கத்தில் வளர்த்தவை சீட்டுகளும் நிதிகளும்தான். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கியது. உறுப்பினர்கள் மாதத் தவணை கட்டிச் சேர்ப்பதும், தேவைப்பட்டால் அதிலேயே கடன் வாங்குவதும் இத்தகைய நிதிகளின் அடிப்படை. வீட்டுக்கே போய் வசூலிப்பதை வங்கித் தொழிலாக்கியது உடுப்பி. 1925-இல் தொடங்கிய கனரா இண்டஸ்ட்ரியல் அண்ட் பேங்கிங் சிண்டிகேட் 1928-இல் பிக்மி டெபாசிட்டைக் கொண்டுவந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான டி.எம்.ஏ. பாயின் யோசனை எளிது: நெசவாளியிடமும் சிறுகடைக்காரரிடமும் தினம் இரண்டணாவாவது மிஞ்சும், அது செலவாகிவிடும் முன் வாசலுக்கே போய் வாங்கிவிட வேண்டும். பிற்பாடு சிண்டிகேட் வங்கி என்று பெயர் பெற்ற அந்த நிறுவனம் வளர்ந்ததில் இந்த இரண்டணாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வாசல் வாசலாகப் போன வசூல்காரர்கள் வங்கியின் தொழிலாளர்களா, வெறும் முகவர்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அவர்கள் தொழிலாளர்களே என்று 2001-இல் தீர்ப்பானது. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1-இல் கனரா வங்கியோடு இணைந்தது.

விடுதலைக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்களுக்குப் பணம் தேவைப்பட்டது. இம்முறை அரசு தபால் கவுண்ட்டரைத் தாண்டி வெளியே வரத் தீர்மானித்தது. 1959-இல் மாதத் தவணையில் கட்டும் சி.டி.டி. கணக்கு அறிமுகமானது. ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கானது அது. நீண்ட காலக் கணக்குகளுக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. 1963-இல், சீனப் போருக்குப் பின், சேமிப்பைக் கட்டாயமாக்கியே ஒரு சட்டம் வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அது சீக்கிரமே தளர்ந்தது. கட்டாயத்தால் நடக்காததை நடத்திக் காட்டியது 1970 ஏப்ரல் 1-இல் வந்த ஐந்தாண்டு ஆர்.டி. கணக்கு. குறைந்த தொகை, நிச்சயமான வட்டி, அறுபது தவணை. அவ்வளவுதான் திட்டம்.

அதற்கு உயிர் கொடுத்தது இரண்டு ஆண்டு கழித்து வந்த இன்னொரு ஏற்பாடு. 1972-இல் மகிளா பிரதான் க்ஷேத்ரிய பச்சத் யோஜனா என்ற பெயரில், பெண்களை மட்டுமே சிறுசேமிப்பு முகவர்களாக நியமிக்கும் முறை தொடங்கியது. அந்த நீளமான இந்திப் பெயரை யாரும் சொல்வதில்லை. தெருவுக்குத் தெரிந்தது ஏஜெண்ட் அம்மா. மாத முதல் வாரத்தில் வருவார். ஆசிரியர் வீடு, மளிகைக்கடை, தையல்காரர், பேருந்து நடத்துநர் வீடு என்று ஒரு சுற்று. கட்டிய தொகையை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். பிறகு எல்லாக் கணக்குகளையும் பட்டியல் போட்டுத் தபால் நிலையத்தில் கட்டுவார். அவருக்கு வசூலில் 4 சதவீதம் கமிஷன்.

இந்த வேலையின் இறுக்கம் வெளியில் தெரியாதது. மாதத்தின் முதல் பதினைந்து நாளில் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் தவணை சேர வேண்டும். அதன் பின் தொடங்கியதற்கு மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள். தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணை தவறினால் கணக்கே நின்றுபோகும். அதன் பின் உயிர்ப்பிக்க இரண்டு மாத அவகாசம்தான். முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி உண்டு: ஆறு மாதத்துக்கு நூறு ரூபாய்க் கணக்கில் 10 ரூபாய், பன்னிரண்டு மாதத்துக்கு 40 ரூபாய். ஒரு வீட்டில் சம்பளம் தாமதமானால் அந்த மாதத் தவணையைத் தன் கைக்காசிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் ஏஜெண்டுகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அபராதம் ஒரு ரூபாய்தான். ஆனால் விட்டுப்போன ஒரு தவணை இரண்டாகும், இரண்டு நான்காகும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் மாதச் சேமிப்பு என்ற பழக்கம் நிலைத்ததற்கு எந்த நிதியமைச்சரையும்விட இந்தப் பெண்களுக்கே அதிகக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆர்.டி.யில் ஒரு காலத்தில் இன்னொரு நல்ல விதியும் இருந்தது. சிறு தொகைக் கணக்குக்காரர் இரண்டு ஆண்டு தவறாமல் கட்டியபின் இறந்துபோனால், மீதித் தவணைகள் கட்டப்படாமலேயே முழு முதிர்வுத் தொகையும் குடும்பத்துக்குக் கிடைக்கும். காப்பீடு என்ற சொல்லே எட்டாத வீடுகளுக்கு இது பெரிய விஷயம். பின்னாளில் அந்த விதி ஓசையில்லாமல் போய்விட்டது.

மாநில அரசுகள் இதில் இவ்வளவு ஆர்வம் காட்டியதற்கு வலுவான காரணம் உண்டு. ஒரு மாநிலத்தில் திரளும் சிறுசேமிப்பில் பெரும்பங்கு அந்த மாநிலத்துக்கே நீண்டகாலக் கடனாகத் திரும்பி வரும். தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு முக்கால், 2002-இல் முழுவதும். அதனால்தான் மாவட்ட ஆட்சியர்களுக்குச் சிறுசேமிப்பு இலக்கு வந்தது. பள்ளிகளில் சஞ்சாயிகா எனும் மாணவர் சேமிப்புக் கணக்கும், அக்டோபர் 30-இல் உலக சிக்கன நாள் பேச்சுப் போட்டியும் வந்தன. எட்டாம் வகுப்பு மாணவி உண்டியலை உடைத்துக் கொண்டுவந்து கட்டிய காசு ஊர்ச் சாலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் கடனாகப் போனது. 1999-இல் இந்தப் பணம் முழுவதும் தேசியச் சிறுசேமிப்பு நிதி என்ற தனிக் கணக்குக்கு மாறியது. பதினான்காவது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி 2016 முதல் தமிழ்நாடு உள்பட பெரும்பாலான மாநிலங்கள் அந்தக் கடன் ஏற்பாட்டிலிருந்து விலகின. ஆட்சியர் அலுவலகங்களில் சிறுசேமிப்புக்கு இருந்த பழைய வேகம் குறைந்ததற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

இனி வட்டி. எழுபதுகளின் சேமிப்பாளரைப் பொருட்படுத்தாமல் வரலாற்றைச் சொல்வது அநியாயம். 1974-இல் விலைவாசி 25 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எந்தச் சேமிப்பு வட்டியும் அதன் அருகில்கூட இல்லை. பாஸ்புக்கில் தொகை கூடிக்கொண்டே போனது. அதைக் கொண்டு வாங்கக்கூடிய அரிசி குறைந்தது. எண்பதுகளின் நடுவிலிருந்துதான் நல்ல காலம் பிறந்தது. 1986 முதல் பி.பி.எஃப்.புக்கு 12 சதவீதம். 1988-இல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பானது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் சேமித்தவர்களின் நினைவில் வட்டி என்றால் இரட்டை இலக்கம்தான். இன்றும் பல பெரியவர்கள் வட்டியைப் பற்றிப் பேசும்போது அளவுகோலாக வைப்பது அந்த 12-ஐ.

இறக்கம் வேகமாக நடந்தது. பி.பி.எஃப். வட்டி 2000 ஜனவரியில் 11, 2001 மார்ச்சில் 9.5, 2002 மார்ச்சில் 9, 2003 மார்ச்சில் 8. மூன்றே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதே 2003 மார்ச்சில் ஆர்.டி. 7.5-க்கு வந்தது. பிறகு நடந்தது அதைவிட விசித்திரம்: 2011 நவம்பர் முடியும்வரை, எட்டே முக்கால் ஆண்டு, அந்த 7.5 அசையவில்லை. இடையில் வங்கி வட்டிகள் ஏறின, இறங்கின. 2008-இன் உலக நெருக்கடி வந்து போனது. அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் பத்து ரூபாய் கட்டினால் ஐந்தாண்டு முடிவில் 728 ரூபாய் 90 காசு என்ற கணக்கு ஏஜெண்டுகளுக்கு மனப்பாடம். மாறாத எண் என்பதால் அதை நம்பி ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் திட்டமிட முடிந்தது. ஆனால் 2009-இலும் 2010-இலும் விலைவாசி 10 சதவீதத்தைத் தாண்டியபோது அந்தத் திட்டத்துக்குள்ளிருந்து பணம் கசிந்துகொண்டிருந்தது.

சிறுசேமிப்பை ஆராய அரசு அமைத்த சியாமளா கோபிநாத் குழு 2011-இல் கொடுத்த அறிக்கை இந்த முறையை மாற்றியது. சிறுசேமிப்பு வட்டியை அரசுக் கடன் பத்திரங்களின் சந்தை வருவாயோடு கட்ட வேண்டும், அதற்கு மேல் சிறு கூடுதல் தரலாம், ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்றது அது. 2011 டிசம்பரில் ஆர்.டி. 8 சதவீதமானது, 2012 ஏப்ரலில் 8.4. பெண் முகவர்களின் 4 சதவீதக் கமிஷனைப் படிப்படியாக ஒரு சதவீதமாக்கலாம் என்ற குழுவின் யோசனையை மட்டும் அரசு ஏற்கவில்லை. அது சரியான முடிவு. 2016 ஏப்ரல் முதல் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கப்படுகிறது. சந்தையோடு கட்டுவது என்ற விதி ஏட்டில் இருந்தாலும், சந்தை இறங்கும்போதெல்லாம் சிறுசேமிப்பு வட்டி அதே அளவு இறங்கவில்லை. ஏறும்போதும் அதே அளவு ஏறவில்லை. 2021-இன் அந்த இரவு அதற்குச் சாட்சி.

வங்கிகளின் சேமிப்புக் கணக்கில் வேறொரு அநியாயம் நெடுங்காலம் இருந்தது. மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. 50,000 ரூபாய் வைத்திருந்தவர் 25-ஆம் தேதி பள்ளிக் கட்டணத்துக்காக 45,000 எடுத்தால், அந்த மாதம் முழுவதற்கும் 5,000-க்குத்தான் வட்டி கிடைக்கும். 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. 2003 முதல் 3.5-இல் நின்றிருந்த சேமிப்பு வட்டி 2011 மே மாதம் 4 ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 25-இல் வட்டியை வங்கிகளே நிர்ணயிக்கலாம் என்றும் விடப்பட்டது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் மட்டும் பத்தாம் தேதி விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. 2014 பிப்ரவரியில் நாட்டின் முதல் அஞ்சலக ஏ.டி.எம். சென்னை தியாகராய நகர் தலைமை அஞ்சலகத்தில் திறக்கப்பட்டது. இயந்திரம் வந்த பிறகும், கையால் பேரேடு எழுதிய காலத்து விதியை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. இதை மாற்றுவது சிறு சேமிப்பாளருக்கு அரசு செய்யக்கூடிய மிக எளிய உதவி.

வரியின் கதை இன்னும் மறைவானது. 1860-இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்த காலத்தில் சேமிப்பு வட்டி யாருடைய கவலையும் அல்ல. நடுத்தர வர்க்கம் பெருகிய பின்தான் அது கேள்வியானது. 1968 முதல் வருமான வரிச் சட்டத்தில் 80எல் என்ற பிரிவு இருந்தது. வங்கி வட்டி, அஞ்சலக வட்டி முதலியவற்றுக்கு ஒரு வரம்புவரை விலக்கு தந்தது. வரம்பு பலமுறை மாறி, கடைசியில் 12,000 ரூபாயில் நின்றது. மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்.டி. கட்டும் குடும்பத்துக்கு அது வரியே இல்லை என்பதற்குச் சமம். 2005 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அந்தப் பிரிவை நீக்கினார். நீண்டகாலச் சேமிப்புக்கு 80சி பிரிவில் ஒரு லட்சம் வரை சலுகை விரிந்த அதே பட்ஜெட் என்பதால், போனது பலர் கண்ணில் படவில்லை. 80சி சலுகை சேர்க்கும் முதலுக்கு. 80எல் சலுகை வந்த வட்டிக்கு. முன்னது பெரிய தொகையைப் பூட்டிவைக்க முடிந்தவருக்கு உதவியது. பின்னது சிறிய தொகை வைத்திருந்தவருக்கு.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டிக்கு 2011 வரை முழு விலக்கு இருந்தது. அந்த ஜூனில் ஓர் அறிவிக்கை அதைத் தனிநபருக்கு 3,500 ரூபாய், கூட்டுக் கணக்குக்கு 7,000 ரூபாய் என்று வரம்பிட்டது. எண் தற்செயலானதல்ல. அப்போது தனிநபர் அதிகபட்சமாக ஒரு லட்சம்தான் வைக்கலாம், 3.5 சதவீதத்தில் வட்டி சரியாக 3,500. ஆக, அன்றைக்கு யாரும் எதையும் இழக்கவில்லை. டிசம்பரில் வட்டி 4 ஆனதும் நிலைமை மாறியது: 87,500 ரூபாய் இருப்பைத் தாண்டிய வட்டிக்கு இந்த விலக்கு இல்லை. வட்டியை ஏற்றிய கை வரம்பை ஏற்ற மறந்தது. அந்த 3,500 இன்றும் 3,500-தான்.

2012-இல் 80டிடிஏ பிரிவு வந்தது. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 10,000 வரை கழிவு, ஆர்.டி.க்கும் நிரந்தர வைப்புக்கும் இல்லை. அதாவது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பணத்தைப் போட்டுவைத்தவருக்குச் சலுகை. மாதம் தவறாமல் ஐந்தாண்டு கட்டியவருக்கு இல்லை. சேமிப்பை வளர்க்க நினைக்கும் ஒரு வரிச் சட்டம் இதைத் தலைகீழாக அல்லவா வைத்திருக்க வேண்டும்? மூத்த குடிமக்களுக்கு மட்டும் 2018-இல் இந்தத் தவறு திருத்தப்பட்டது. 80டிடிபி பிரிவில் அவர்களுக்கு எல்லா வைப்பு வட்டிக்கும் சேர்த்து 50,000 வரை கழிவு கிடைத்தது.

டி.டி.எஸ். எனும் வரிப் பிடித்தம் வங்கி வைப்புகளுக்கு 1995 ஜூலையில் நிலையாக வந்தது. ஆர்.டி. அதற்கு வெளியே இருந்தது. வரம்பும் கிளைவாரியாகக் கணக்கிடப்பட்டதால், நாலு கிளையில் பிரித்துப் போடுவது எல்லோருக்கும் தெரிந்த வழியாக இருந்தது. 2015 ஜூன் 1 முதல் இரண்டு கதவும் மூடின: ஆர்.டி.யும் பிடித்தத்துக்குள் வந்தது, வங்கியின் எல்லாக் கிளைகளின் வட்டியும் ஒன்றாகக் கூட்டப்பட்டது. அன்றைய வரம்பு ஆண்டுக்கு 10,000. மாதம் 5,000 கட்டியவர் 8 சதவீத வட்டியில் மூன்றாம் ஆண்டே அதைத் தாண்டிவிடுவார். ஐந்தாண்டு கழித்துத்தான் கைக்கு வரப்போகும் வட்டியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பத்து சதவீதம் போனது; பான் எண் கொடுக்காதவருக்கு இருபது. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்கள் ஏப்ரல் வந்தால், வரி பிடிக்க வேண்டாம் என்று கோரும் 15ஜி, 15எச் படிவத்துக்காக வங்கியில் வரிசையில் நின்றார்கள். மறந்தவர்கள், பிடித்த தொகையைத் திரும்பப் பெற வரித் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. பலர் செய்யவில்லை. வரம்பு 2019-இல் 40,000, 2025 ஏப்ரலில் 50,000, மூத்தவர்களுக்கு ஒரு லட்சம் என்று உயர்ந்தபின் அந்த வரிசை குறைந்திருக்கிறது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்ற 2025-இன் மாற்றத்துக்குப் பிறகு, மாதச் சம்பளக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆர்.டி. வட்டி மீண்டும் வரியில்லா வட்டியாகியிருக்கிறது. ஆனால் அதே புதிய முறையில் 80டிடிஏ, 80டிடிபி இரண்டும் கிடையாது.

மூன்றாவது விஷயம் தேதி. ஆர்.டி.யின் சிறப்பு, தொடங்கிய நாளின் வட்டி ஐந்தாண்டும் மாறாது என்பது. இறங்கும் காலத்தில் அது கவசம். ஏறும் காலத்தில் விலங்கு. 2020 மார்ச் 31 வரை அஞ்சலக ஆர்.டி.க்கு வட்டி 7.2 சதவீதம். ஏப்ரல் 1 முதல் 5.8. அந்த நேரம் நாடே ஊரடங்கில் கிடந்தது. ஏஜெண்டுகள் வீடுவீடாகப் போக முடியவில்லை. தவணை தவறியவர்களுக்கு ஜூன் 30 வரை அபராதம் தள்ளுபடி செய்தது அஞ்சல் துறை. மார்ச் இரண்டாம் வாரத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க் கணக்கைத் தொடங்கியவருக்கு ஐந்தாண்டு முடிவில் சுமார் 72,314 ரூபாய். மூன்று வாரம் தள்ளித் தொடங்கியவருக்கு 69,697. கட்டியது இருவரும் அதே 60,000. வித்தியாசம் 2,600 ரூபாய்க்கு மேல். இரண்டரை மாதத் தவணை.

5.8 சதவீதம் மூன்று ஆண்டு நீடித்தது. 2023 ஏப்ரலில் 6.2, ஜூலையில் 6.5, அக்டோபரில் 6.7 என்று ஏறியது. பழைய கணக்குகளுக்கு அந்த ஏற்றம் போய்ச் சேரவில்லை.

2020 மார்ச்சிலும் ஏப்ரலிலும் தொடங்கிய இந்த இரண்டு வகைக் கணக்குகளும் 2025-இல் முதிர்ந்தன. 2019-இன் புதிய விதிகளின்படி முதிர்ந்த ஆர்.டி.யை இன்னும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். நீட்டித்த காலத்துக்கும் கணக்கு முதலில் தொடங்கியபோது இருந்த வட்டிதான். ஆகவே 2020 மார்ச்சில் தொடங்கியவர் தபால் நிலையத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் 2030 வரை 7.2 சதவீதம் பெறலாம். 2025-இல் புதுக் கணக்குத் தொடங்கியவருக்குக் கிடைத்ததைவிட அது அரை சதவீதம் கூடுதல். ஏப்ரலில் தொடங்கியவர் அதே விண்ணப்பத்தைக் கொடுத்தால் இன்னும் ஐந்தாண்டு 5.8-இல் மாட்டிக்கொள்வார்; அவர் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்து, அதே கவுண்ட்டரில் 6.7-க்குப் புதிதாகத் தொடங்குவதே சரியாக இருந்தது. முதிர்வு நாளன்று இதை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு விதிப்படி யாருக்கும் இல்லை. நல்ல ஏஜெண்டுகள் சொல்கிறார்கள்.